ரத்தக்கட்டின் ஓரம்

அக்டோபர் 9, புதன்

பதினாறாவது ஆளின் ஸ்கேன் முடிந்தது. கோட்டூர்புரத்துக்காரர், ரிட்டயர்ட் இன்ஜினியர். சொன்னது சொன்னபடி அசையாமல் படுத்திருந்தார். படங்கள் கண்ணாடி மாதிரி வந்தன. எம்.ஆர்.ஐ. மெஷினை ஓட்டும் ஃபராஸ், "மேடம், இவரு மாதிரி இன்னும் இருபது பேரு வந்தா உங்க ஆராய்ச்சி முடிஞ்சுது" என்றான்.

ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது என் கணவன் ஸ்ரீவத்சன் கேட்டான்: "ரெண்டு வருஷமா கேக்கணும்னு நெனைச்சுண்டே இருக்கேன். அப்படி என்னதான் தேடறே நீ?"

சொன்னேன். மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்து ரத்தம் கட்டிக்கொள்கிறது. கட்டு உட்கார்ந்த இடம் போனது போனதுதான். ஆனால் அதைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறதே, அங்குள்ள திசு என்ன ஆகிறது? ரத்தம் வராமல் பட்டினியில் சாகிறதா, இல்லை வெறும் வீக்கமா? பட்டினி என்றால், பிரஷரை மளமளவென்று குறைப்பது அதைக் கொன்றுவிடும். வீக்கம்தான் என்றால் தைரியமாகக் குறைக்கலாம், கட்டு பெரிதாகாமல் தடுக்கலாம். சி.டி.யில் இது தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் தெரியும். ஆனால் முதல் நாளே எடுக்க வேண்டும்.

"முதல் நாள் அவாளை அங்கயும் இங்கயும் தூக்கிண்டு போறது சரியா?"

நிலையாக இருப்பவர்களை மட்டும்தான், நர்ஸ் கூட வருவாள், ஐ.சி.யூ. சம்மதித்தால்தான் என்றேன். தலையாட்டினான். ரசம் விட்டுக்கொண்டான்.

அக்டோபர் 12, சனி

மழை. மந்தைவெளி முழுக்கத் தண்ணீர். புது நோயாளி இல்லை. இல்லையே என்று வருத்தப்படுகிறேன் — எழுதிப் பார்த்தால் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது.

அக்டோபர் 18, வெள்ளி

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பாலகணேஷ். வயது நாற்பத்து நான்கு. ரங்கநாதன் தெருவில் எவர்சில்வர் பாத்திரக்கடை, சொந்த ஊர் சாத்தான்குளம். காலையில் தீபாவளிச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது இடது கை விழுந்துவிட்டது. மூளையின் வலது பக்கம் ரத்தக்கட்டு, நடுத்தர அளவு. மருந்து கொடுத்ததும் பிரஷர் இறங்கியது. நன்றாகப் பேசினார், நாக்கு மட்டும் கொஞ்சம் குழறியது. நரம்பியல் தலைவர் ஜெயராம் சார் பார்த்துவிட்டு, "ஸ்டேபிளா இருக்கார், எடுத்துக்கோ மாளவிகா" என்றார்.

நான்தான் சம்மதம் கேட்கப் போனேன். மனைவி ஷண்முகப்ரியா பக்கத்தில் நின்றாள். கடையில் கணக்குப் பார்ப்பவளாம், ஒவ்வொரு கேள்வியும் நறுக்கென்று வந்தது.

"இதுனால அவுகளுக்கு எதுவும் நல்லது உண்டா டாக்டர்?"

"அவருக்கு இல்லம்மா. பின்னாடி வரப்போறவங்களுக்கு."

அவள் யோசித்தாள். அவர்தான் படுக்கையிலிருந்தே சொன்னார்: "நமக்கு முன்னாலயும் யாராவது இப்படிப் படுத்திருப்பாங்கல்லா பிரியா. போடு கையெழுத்து." பிறகு என்னிடம், "படந்தானே, எடுத்துக்கிடுங்க. சாயந்தரம் கடைக்குப் போயிரலாமா?"

போக முடியாது என்றேன். சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் சிரித்தது.

கூட வந்த நர்ஸும் நானும் ஃபராஸோடு கண்ணாடிக்கு வெளியே நின்றோம். முதல் சுற்றுப் படம் சரியாக வந்தது. ரத்த ஓட்டச் சுற்றும் சரி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஃபராஸ் மைக்கில் கேட்டான், அவர் "ம், நல்லாருக்கேன்" என்றார். அடுத்தது திசுவின் ரசாயனம் பார்க்கிற சுற்று. அதுதான் நீளம், கொஞ்சம் அசைந்தாலும் கெட்டுவிடும். தொடங்குவதற்கு முன் மைக்கை நான் வாங்கினேன்.

"பாலகணேஷ் சார், இது மட்டும் கொஞ்சம் நேரமாகும். பேசாதீங்க, அசையாதீங்க."

"சரி டாக்டர்."

பேசவில்லை. அசையவில்லை. எவ்வளவு நல்ல நோயாளி என்று நினைத்தேன். நினைத்தேன், ஆமாம்.

சுற்று முடிந்ததும் கைப்பட்டை பிரஷரை அளந்தது. மேலே மேலே போனது. ஃபராஸ் கூப்பிட்டான், பதில் இல்லை. அதற்குள் கடைசிச் சுற்று தானாகவே ஆரம்பித்திருந்தது, படங்கள் திரையில் விழ ஆரம்பித்தன. ரத்தக்கட்டு முதல் படத்தில் இருந்ததைவிட இரண்டு பங்கு. வளையம் முழுக்க நிறம் மாறியிருந்தது. நான் திரையைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன்? ஃபராஸ் "மேடம்!" என்று கத்துகிற வரைக்கும்.

வெளியே இழுத்தோம். வலது கண்பாவை விரிந்திருந்தது. நர்ஸ் அவர் பேரைச் சொல்லிச் சொல்லித் தோளைத் தட்டினாள். உடனே ஆபரேஷன். மண்டையைத் திறந்து கட்டை எடுத்தார்கள்.

தியேட்டர் வாசலில் ஷண்முகப்ரியா அவருடைய செருப்பைப் பையில் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். நான் என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

அக்டோபர் 19, சனி

கண் திறக்கவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

பாலகணேஷின் அண்ணன் பொன்ராஜ் ஐ.சி.யூ. வாசலில் நின்று சத்தம் போட்டார். பெரிய உடம்பு, வெள்ளைச் சட்டை, அழுது சிவந்த கண். "பேசிக்கிட்டே வந்தான்யா எந்தம்பி! பேசிக்கிட்டேதான உள்ள போனான்! படம் எடுக்கேன்னு சொல்லி என்ன செஞ்சீங்க அவன?"

ஜெயராம் சார் அமைதியாகப் பதில் சொன்னார். இந்த நோயில் முதல் சில மணி நேரத்தில் கட்டு பெரிதாவது உண்டு, படுக்கையில் இருந்தாலும் நடந்திருக்கும், ஸ்கேனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவர் சொன்னதில் பெரும்பகுதி சரி. நான் அவர் பின்னால் நின்றேன்.

அந்த 'சம்பந்தமே' என்பதில்தான் எனக்கு இடறுகிறது.

அக்டோபர் 23, புதன்

ஜெயராம் சார் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "அந்தப் படங்களைப் போடு."

போட்டேன். சேர்ந்து பார்த்தோம். முதல் படங்களில் வளையத்துக்கு ரத்தம் நன்றாகப் போகிறது. பட்டினி இல்லை, வெறும் வீக்கம். கடைசிப் படத்தில் கட்டு பெருத்து நசுக்கியிருக்கிறது, அதே வளையம் சாக ஆரம்பித்திருக்கிறது. ஒரே மனிதர், ஒரே மதியம்.

"இதைத்தானே தேடிண்டிருந்தோம்" என்றார், மெதுவாக. "கட்டு பெருசாகறதுதான் கொல்றது. பிரஷரைக் குறைக்கறது இல்லை. இதைவிடத் தெளிவா யார் காட்ட முடியும்?"

அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சொல்லும்போது அவர் குரலும் உடைந்திருந்தது. ஆனால் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நானும்தான். அழகான படங்கள். ஐயோ, அழகு என்றா எழுதுகிறேன்? மாடியில் அந்த ஆள் மூச்சு மெஷினில் கிடக்கிறார்.

அக்டோபர் 28, திங்கள்

காலையில் பாலகணேஷ் இறந்துவிட்டார்.

ஷண்முகப்ரியா அழவில்லை. உடம்பை எப்போது தருவார்கள், ஊருக்குக் கொண்டுபோக வண்டி நாமே பார்க்க வேண்டுமா என்று நர்ஸிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். பொன்ராஜ் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அம்மா மயிலாப்பூரிலிருந்து பட்சணம் கொடுத்தனுப்பினாள். நான் ட்யூட்டி கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டேன். சாயங்காலம் பாண்டி பஜார் வழியாக வர வேண்டியதாயிற்று. ரங்கநாதன் தெருப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மட்டும் எந்தக் கடை என்று எனக்குத் தெரியுமா என்ன?

நவம்பர் 14, வியாழன்

காரியமெல்லாம் முடிந்து ஷண்முகப்ரியா தனியாக வந்தாள். நேராக ஸ்கேன் பிரிவுக்கே வந்து என்னைக் கேட்டிருக்கிறாள். அறையில் உட்கார வைத்தேன். தண்ணீர் வேண்டாம் என்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் டாக்டர். உள்ள கொண்டு போகாம இருந்திருந்தா அவுக இருப்பாகளா?"

பதில் என்னிடம் தயாராக இருந்தது. ஜெயராம் சார் சொன்ன அதே பதில். மூன்று வாரமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில். வாயைத் திறந்தேன், வேறொன்று வந்தது.

"தெரியாதும்மா."

அவள் அசையவில்லை.

"கட்டு பெருசாகறது படுக்கையில இருந்தாலும் நடந்திருக்கும். நிறையப் பேருக்கு நடக்குது. ஆனா அங்க பக்கத்துல நர்ஸ் பேச்சுக் கொடுத்துட்டே இருந்திருப்பா. பேச்சு நின்ன உடனே தெரிஞ்சிருக்கும். உள்ள அவரைப் பேச வேண்டாம்னு நான்தான் சொன்னேன். அதனால எங்களுக்கு லேட்டாத்தான் தெரிஞ்சுது. அந்த நேரம் கையில இருந்திருந்தா அவர் பொழைச்சிருப்பாரா… அது எனக்கு நிஜமாவே தெரியாது."

வெளியே மெஷின் தட்டும் சத்தம்.

"பேசாதீகன்னு சொன்னதும் சரின்னாகளா?"

"சரி டாக்டர்னார்."

"கடையில அப்படி ஒரு நாளும் கேக்க மாட்டாக" என்றாள். அப்போதுதான் அழுதாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் வராமல். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன். தொடலாமா கூடாதா என்று தெரியவில்லை. தொடவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

ஜெயராம் சாருக்கு விஷயம் போய்விட்டது. நானேதான் சொன்னேன்.

"உண்மை பேசறதுக்கும் உளர்றதுக்கும் வித்தியாசம் இருக்கு மாளவிகா."

"தெரியாததைத் தெரியாதுன்னேன் சார்."

"அது அவா காதுல எப்படி விழும்? 'நாங்கதான் கொன்னோம்'னு விழும். நம்ம ரெண்டு பேரையும் விடு. நாளைக்கு வர்றவன் ஒருத்தன் சம்மதிப்பானா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாம இன்னும் எத்தனை ஐ.சி.யூ.ல டாக்டர் கண்ணைக் கட்டிண்டு பிரஷரைக் குறைச்சுண்டிருப்பான்?"

எழுந்து வந்துவிட்டேன்.

பொன்ராஜ் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவுக்குப் புகார் கொடுத்துவிட்டார். நான் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதியிருக்கிறாராம். ஆய்வை நிறுத்தி வைத்தாயிற்று.

நவம்பர் 17, ஞாயிறு

ஸ்ரீவத்சன் பெசன்ட் நகர் கூட்டிக்கொண்டு போனான். கடற்கரையில் சுண்டல் வாங்கினோம். திரும்பும்போது, "நீ வேற மாதிரி சொல்லியிருந்தா இப்போ தூங்கிண்டிருப்பியா?" என்றான்.

மாட்டேன். ஆனால் மற்ற எல்லோரும் தூங்கியிருப்பார்கள்.

நவம்பர் 25, திங்கள்

குழு கூடியது. நீளமான மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். என்னைக் கேட்டார்கள். சுற்றுக்குச் சுற்று என்ன நடந்தது, யார் எங்கே நின்றோம், பிரஷர் எப்போது அளந்தோம். எல்லாம் சொன்னேன், திரையைப் பார்த்துக்கொண்டு நின்றதையும். எழுதிக்கொண்டிருந்த குழுவின் வக்கீல் தலையை நிமிர்த்தினார். ஜெயராம் சார் தலையைக் குனிந்துகொண்டார்.

பொன்ராஜ் எழுந்து பேச ஆரம்பித்து, முடிக்க முடியாமல் உட்கார்ந்தார். "எங்க அப்பா செத்த பிறவு நாந்தான் அவன வளத்தேன்" என்பதோடு நின்றுவிட்டது.

ஷண்முகப்ரியாவை, உங்கள் குறை என்னம்மா என்று கேட்டார்கள்.

"ஆளாளுக்குத் தெரிஞ்ச மாதிரியே பேசுதாங்க. விதிங்காங்க, சம்பந்தமே இல்லங்காங்க, எங்க அத்தான் கொலைங்காரு. இந்த டாக்டர் மட்டுந்தான் தெரியாதுன்னு சொன்னாங்க. அவங்க மேல எனக்குக் குறை இல்ல."

பொன்ராஜ் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் அவர் பக்கம் பார்க்கவில்லை. தப்பித்தோம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அதற்குள் அவள் தொடர்ந்தாள். "ஆனா அவுக படத்த உங்க ஆராய்ச்சியில இருந்து எடுத்துருங்க."

டிசம்பர் 2, திங்கள்

குழு அவளுக்கு அந்த உரிமை உண்டு என்று சொல்லிவிட்டது. இன்று வந்தாள். உங்கள் முன்னாலேயே செய்கிறேன் என்று நான்தான் வரச் சொன்னேன்.

ஜெயராம் சார் காலையில் போன் செய்தார். கோபம் இல்லை, கெஞ்சல். "அந்தம்மா உன்னை நம்பறா. நீ ஒரு வார்த்தை சொன்னா விட்டுக் கொடுப்பா. அவா ஆத்துக்காரர் பேர் எங்கேயும் வராது. எத்தனை பேருக்குப் பிரயோஜனம் யோசிச்சுப் பாரு."

யோசித்தேன். அவர் சொன்னது நிஜம், நான் கேட்டால் கொடுப்பாள். அதனால்தான் கேட்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. சரியா தப்பா, தெரியவில்லை.

"எங்க காட்டுவீங்க இத?" என்று அவளே கேட்டாள்.

"டாக்டர்கள் கூடற இடத்துல. கட்டுரையில. பேர் போட மாட்டோம்."

"பேரு இல்லாட்டா என்ன டாக்டர், சாவுதது அவுகதான. அன்னைக்கு உள்ள ஒத்தையில கெடந்தாக, யாரும் பாக்கல. இப்ப மட்டும் ஊரே பாக்கணுமா?"

ஆஸ்பத்திரிக் கோப்பில் இருக்கும், அதைச் சட்டப்படி அழிக்க முடியாது, ஆய்வில் உள்ளதை மட்டும் நீக்குகிறேன் என்றேன். சரி என்றாள். பார்க்கிறீர்களா என்று கேட்டேன். முதல் படத்தை மட்டும் பார்க்கிறேன் என்றாள். பேசிக்கொண்டிருந்த நேரத்தில் எடுத்தது. போட்டேன். விரலைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய், தொடாமல், "இதுவா அது?" என்றாள். ஆமாம், இந்த வெள்ளை. "சுத்தி இருக்கிறது?" அது வீக்கம், அது உயிரோடுதான் இருந்தது என்றேன்.

"உயிரோடதான் இருந்துச்சு" என்று திருப்பிச் சொன்னாள்.

நீக்கினேன். நிஜமாகவே நீக்கவா என்று கம்ப்யூட்டர் இன்னொரு தரம் கேட்டது. அவளும் படித்துக்கொண்டிருந்தாள்.

போகும்போது, கடையைத் திறந்துவிட்டதாகச் சொன்னாள். பொன்ராஜ் அத்தான் காலையில் வந்து உட்காருகிறார், பேசுவதில்லை என்றாள்.

டிசம்பர் 4, புதன்

ஜெயராம் சார் லிஃப்டில் என்னைப் பார்த்தார். மூன்று மாடி. ஒரு வார்த்தை இல்லை.

டிசம்பர் 20, வெள்ளி

அந்தப் படத்தைக் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது. எந்தக் குழு இதை நீக்கும்?

ஜனவரி 10, வெள்ளி

ஆய்வைத் தொடரலாம் என்று குழு அனுமதி கொடுத்திருக்கிறது. நிபந்தனைகள்: சுற்றுகள் சின்னதாக இருக்க வேண்டும், ரசாயனச் சுற்று கிடையாது, மெஷின் அறைக்குள்ளேயே ஒரு டாக்டர் நோயாளியின் பக்கத்தில் இருக்க வேண்டும். ஜெயராம் சார் விலகிக்கொண்டார். இரண்டு வரியில் மெயில். 'இந்த வேகத்தில் இது முடியப் போவதில்லை. வாழ்த்துகள்.'

கோபத்தில் எழுதியதாகத் தெரியவில்லை. கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்.

ஜனவரி 24, வெள்ளி

கேட்ட இருவரும் மறுத்துவிட்டார்கள். என்ன நடக்கலாம் என்று இப்போது முழுவதும் சொல்லித்தான் கேட்கிறேன். முழுவதும் கேட்டால் யார் சம்மதிப்பார்கள்? நானாக இருந்தால் சம்மதிப்பேனா?

பிப்ரவரி 6, வியாழன்

ஒருவர் சம்மதித்தார். அமீனா பீ, ராயப்பேட்டை, வயது அறுபத்து மூன்று. சின்னக் கட்டு. ஒரு கால் மட்டும் தளர்ந்திருக்கிறது, வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டுவிட்டு, "இவ்ளோ பேஜாரு கீதுன்னு நீயே சொல்றே, அப்பறம் ஏன் கூப்புடறே?" என்றார். தெரிந்துகொள்ளத்தான் என்றேன். மகனைப் பார்த்தார். "சரி, இட்டுனு போ."

வளையலைக் கழற்றிவிட்டு நானும் உள்ளே போனேன். காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு மெஷினின் வாயருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டேன். நல்ல கால், சூடாக இருந்தது.

அமீனா பீ பேசிக்கொண்டே இருந்தார். தெருவை மெட்ரோக்காரன் தோண்டிப் போட்டது, தண்ணி லாரி வராதது, மருமகளோடு நடக்கும் பஞ்சாயத்து. மெஷின் தட்டுகிற சத்தம் கூடினால் அவரும் குரலைக் கூட்டினார். தட்டுவது நிற்கும்போதெல்லாம் வார்த்தைகள் தெளிவாகக் கேட்டன. ஒவ்வொரு வார்த்தைக்கும் தலை அசைந்தது.

ஸ்பீக்கரில் ஃபராஸ்: "மேடம், எல்லாமே ஆடிப்போச்சு. ஒண்ணும் தேறாது. கொஞ்சம் சொல்றீங்களா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் முகம் தெரிந்தது. கையைத் தூக்கிக் காட்டினேன், ஓட்டு என்று. ஓட்டினான். கடைசி வரைக்கும்.

ஐ.சி.யூ.வில் படுக்கைக்கு மாற்றும்போது கேட்டார்: "இன்னாம்மா, படம் நல்லா வந்துச்சா?"

"வரலைம்மா. நீங்க பேசிட்டே இருந்தீங்க."

"அட, வாய மூடிக்கினு படுன்னு ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதானே?" என்றார்.